அலாய் வீலைப் புதுப்பிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் பழைய காரின் நான்கு வீல்களையும் நானே தேய்த்துப் பெயிண்ட் அடித்தேன். அதை நாலு பேரிடம் சொன்னதுதான் தப்பாகப் போய்விட்டது. அன்றிலிருந்து தெரிந்தவர்களும், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்களும் வீலைப் படம் பிடித்து அனுப்பி அதே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லாது.

அலாய் வீல், மேக் வீல் ரெண்டும் ஒண்ணுதானே?

பேச்சில் ஒன்றுதான். 'மேக்' என்பது மெக்னீசியத்தின் சுருக்கம். ஒரு காலத்தில் பந்தயக் கார்களுக்கு மெக்னீசியத்தில் வீல் வார்த்தார்கள், பெயர் மட்டும் தங்கிவிட்டது. இன்று சாலையில் ஓடுபவை ஏறக்குறைய எல்லாமே அலுமினியக் கலவை. பரவலாகப் பயன்படுவது ஏ356 என்ற வகை: அலுமினியத்தோடு சுமார் 7 சதவீதம் சிலிக்கானும் துளி மெக்னீசியமும் சேர்ந்தது. உங்களிடம் இருப்பது நிஜமாகவே பழைய மெக்னீசிய வீல் என்றால் வீட்டில் தேய்க்க வேண்டாம். அந்தத் தூள் தீப்பிடிக்கும்.

என் வீல்ல இருக்கறது என்ன பூச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் உப்புத்தாளைக் கையில் எடுக்காதீர்கள். வெயிலில் வைத்துப் பாருங்கள். முகம் முழுக்க ஒரே வெள்ளி நிறமாக, சின்னச் சின்ன மினுக்கத்தோடு இருந்தால் அது பெயிண்ட். மேலே லாக்கர் என்ற நிறமில்லாத காப்புப் பூச்சு இருக்கும். முகத்தில் மட்டும் இசைத்தட்டுப் போல நெருக்கமான வட்டக் கோடுகள் தெரிந்து, வெயிலில் வானவில் நிறம் அடித்தால் அது டைமண்ட் கட். லேத்தில் சீவிய வெறும் அலுமினியத்தின் மேல் லாக்கர் மட்டும் போட்டிருப்பார்கள். கண்ணாடி மாதிரி முகம் தெரிந்தால் பாலிஷ் செய்ததாகவோ குரோம் முலாமாகவோ இருக்கும்.

பெயிண்டா, பவுடர் கோட்டிங்கா (பொடியைத் தூவி அடுப்பில் சுட்டு இறுக்கும் பூச்சு) என்று குழப்பமா? தின்னர் நனைத்த வெள்ளைத் துணியால் வீலின் பின்பக்கம் ஓரிடத்தில் அழுத்தித் துடையுங்கள். நிறம் துணியில் ஏறினால் சாதாரண ஸ்ப்ரே பெயிண்ட், யாரோ ஏற்கெனவே கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒன்றும் ஏறாவிட்டால் சுட்டு இறுகிய பூச்சு, அல்லது ஹார்டனர் (இறுகவைக்கும் திரவம்) கலந்த பெயிண்ட்.

பெயிண்ட் போயிடுச்சா, இல்ல வெறும் அழுக்கான்னே புரியல. கழுவினா சரியாகுமா?

பாதிப் பேருக்குச் சரியாகிவிடுகிறது. பிரேக் பிடிக்கும்போது பேடிலிருந்தும் டிஸ்க்கிலிருந்தும் உதிரும் தூசியில் இரும்புத் துகள் இருக்கும். அது சூட்டோடு வந்து லாக்கரில் ஒட்டி, பிறகு துருப்பிடித்துப் பழுப்புப் புள்ளியாகிறது. சோப்புக்கு அது அசையாது. இரும்புத் துகளைக் கரைக்கவென்றே திரவம் விற்கிறது. தெளித்ததும் ஊதா நிறத்தில் வடியும். கூடவே ஒரு நாற்றம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். வீல் ஆறியிருக்க வேண்டும், திரவம் காய்வதற்குள் கழுவிவிட வேண்டும். அமில வகை கிளீனர் பக்கம் போகாதீர்கள். லாக்கரில் ஒரு கீறல் இருந்தாலும் உள்ளே இறங்கி அலுமினியத்தைத் தின்னும்.

நடைபாதை ஓரக்கல்லில் உரசிட்டேன். இது ஆபத்தா, வெறும் அசிங்கமா?

விளிம்பில் மட்டும் ரம்பப் பல் மாதிரிக் கிழிந்திருந்தால் பெரும்பாலும் அசிங்கம்தான். ஆனால் வீலைக் கழற்றிப் பின்பக்கமும் பார்க்க வேண்டும். குழியில் விழுந்த அடி முன்னால் சின்னக் கீறலாகத் தெரியும்; உள்பக்க விளிம்பில் வளைவோ மயிரிழை விரிசலோ இருக்கும். ஓட்டும்போது ஸ்டீயரிங் நடுங்கினாலோ, காற்று மெல்ல இறங்கினாலோ, உரசிய இடத்தில் கோடு ஒன்று ஆரக்காலை நோக்கி ஓடினாலோ பெயிண்ட் பேச்சை நிறுத்திவிட்டுக் கீழே விரிசல் பற்றிய பதிலுக்குப் போங்கள்.

டயரைக் கழற்றாமலே பண்ணலாமா?

உரசலை மட்டும் சரிசெய்ய, பண்ணலாம். காற்றை இறக்கிவிட்டு, டயரின் உதட்டை உள்ளே அழுத்தி, பழைய சீட்டுக்கட்டை எடுத்து ரிம்முக்கும் டயருக்கும் நடுவே ஒவ்வொன்றாகச் சொருகுங்கள். ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறினாற்போல வட்டமாகச் சொருகினால் டயர் முழுக்க மறைந்துவிடும். டேப் ஒட்டுவதைவிட இது சுத்தம். விளிம்பின் மடிப்புக்குள்ளேயும் பெயிண்ட் இறங்கும்.

முழு வீலையும் உரித்து அடிப்பதென்றால் டயரைக் கழற்றத்தான் வேண்டும். டயர் உட்காரும் இடத்தில் அரிப்பால் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா என்று அப்போதுதான் பார்க்க முடியும்.

எந்த உப்புத்தாள்ல ஆரம்பிச்சு எதுல முடிக்கணும்?

வேலையே இங்கேதான் இருக்கிறது. பெயிண்ட் அடிப்பது அரைமணி நேரம், தேய்ப்பது அரைநாள். முதலில் தூக்கிக்கொண்டிருக்கும் பிசிறை அரத்தால் சீவிவிடுங்கள். உரசல் பட்ட இடத்தில் 80 அல்லது 120 எண் தாள் (எண் கூடக் கூடச் சொரசொரப்பு குறையும்), பிறகு 180, 240, 320, கடைசியில் 400. ஒவ்வொரு எண்ணும் முந்தைய எண்ணின் கோட்டை அழிக்கத்தான். 120-லிருந்து நேரே 400-க்குத் தாவினால் ஆழமான கோடுகள் அப்படியே இருக்கும், வெள்ளி நிறம் ஏறியதும் வரிவரியாகத் தெரியும். உரசல் இல்லாத இடங்களில் பழைய லாக்கர் உறுதியாக இருந்தால் 400 போட்டு மினுமினுப்பைப் போக்கினால் போதும்.

பழைய பெயிண்ட் முடிந்து வெறும் உலோகம் தொடங்கும் எல்லையைப் பாருங்கள். அங்கே ஒரு படி இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியை மெதுவாக ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத படி விரலுக்குத் தெரியும். விரலுக்கு ஒன்றும் தட்டாத வரை தேய்க்க வேண்டும். இதில் சலிப்படைந்து 'பெயிண்ட் மூடிக்கொள்ளும்' என்று விட்டவர்கள்தான் பிறகு எனக்குப் படம் அனுப்புகிறார்கள். பெயிண்ட் எதையும் மூடாது, இன்னும் எடுத்துக் காட்டும்.

பட்டி பார்க்கலாமா? ஓட்டத்துல பெயர்ந்து வந்துடாதா?

தேய்த்தும் போகாத பள்ளத்துக்கு மட்டும், மெல்லிசாகப் பார்க்கலாம். பாடிக்குப் போடும் சாதாரண பட்டியைவிட உலோகத் தூள் கலந்த எபாக்சி பட்டி நன்றாகப் பிடிக்கும். அடியில் இருக்கும் உலோகம் 80 அல்லது 120-ல் சொரசொரப்பாக்கப்பட்டு, எண்ணெய்ப் பசை இல்லாமல் இருக்க வேண்டும். பெயர்ந்து வருவது பெரும்பாலும் பளபளப்பின் மேல் அப்பியதுதான். விளிம்பின் பெரிய துண்டே உடைந்து போயிருந்தால் பட்டியால் உருவம் கொடுக்காதீர்கள். டயரைப் பிடித்துக்கொண்டிருக்கும் விளிம்பு அது.

பழைய பெயிண்டை உரிக்க காஸ்டிக் சோடா போட்டா சீக்கிரம் முடியும்னு சொல்றாங்களே?

இரும்புக்குச் சரி. அலுமினியத்தைக் காஸ்டிக் சோடா கரைக்கும். கரைக்கும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும். பெயிண்டோடு வீலும் போகும். அடுப்பு கிளீனர் சிலவற்றிலும் இதே சரக்குதான். அலுமினியத்துக்கு ஏற்றது என்று டப்பாவில் எழுதியிருக்கும் பெயிண்ட் ரிமூவரை மட்டும் வாங்குங்கள்.

மணல் வீசி உரிக்கும் கடையில் கொடுத்தால் கண்ணாடி மணியோ அலுமினியம் ஆக்சைடோ பயன்படுத்தச் சொல்லுங்கள். இரும்புக் குண்டு வேண்டாம். அதன் துகள் அலுமினியத்தில் பதிந்து, பிற்பாடு புதுப் பெயிண்டுக்கு அடியிலிருந்து துருவாகக் கிளம்பும். தீ ஊதி எரித்து உரிப்பது கூடவே கூடாது. காரணம் பவுடர் கோட்டிங் கேள்வியில் வருகிறது.

ப்ரைமர் அவசியமா? பெயிண்டே நேரா அலுமினியத்துல பிடிக்கும்னு டப்பால போட்டிருக்கு.

அவசியம். அலுமினியம் காற்றுப்பட்ட உடனே மேலே மெல்லிய ஆக்சைடு படலத்தைப் போட்டுக்கொள்ளும். வெள்ளிப் பெயிண்ட் அதன் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும், கல் பட்டால் சீட்டாக உரியும். எட்ச் ப்ரைமரில் இருக்கும் லேசான அமிலம் அந்தப் பரப்பைக் கடித்துப் பிடிக்கும். எபாக்சி ப்ரைமரும் நல்லதே. இரண்டில் ஒன்று போதும். எபாக்சி பட்டி பார்த்த வீல் என்றால் நான் எபாக்சி ப்ரைமரைத்தான் எடுப்பேன். தேய்த்து முடித்த அன்றே ப்ரைமர் ஏறிவிட வேண்டும், ஒரு வாரம் மூலையில் போட்டுவிட்டு வரக் கூடாது. ப்ரைமர் காய்ந்ததும் 600 அல்லது 800-ல் தண்ணீர் தொட்டு ஒரு தேய்ப்பு.

பெயிண்ட் அடிச்ச உடனே மேல குட்டிக் குட்டியா வட்டக் குழி விழுது. பெயிண்ட் கெட்டுப் போச்சா?

பெயிண்ட் நல்ல பெயிண்ட்தான். என் முதல் வீலில் இது நடந்தது. மூன்று முறை தேய்த்து மூன்று முறை அடித்தேன். மூன்று முறையும் அதே இடத்தில் மீன் கண் மாதிரிக் குழி. கடைசியில் பார்த்தால் முந்தின மாதம் டயருக்குப் பளபளப்புக்காகப் பூசிய சிலிக்கான் பாலிஷ். உப்புத்தாள் அதை எடுக்கவில்லை, வீல் முழுக்கப் பரப்பிவிட்டிருந்தது.

ஆகவே வரிசை முக்கியம்: முதலில் சோப்பு, அப்புறம் எண்ணெய் நீக்கும் திரவம், அதற்கப்புறம்தான் உப்புத்தாள். தேய்த்து முடித்ததும் மறுபடி ஒருமுறை எண்ணெய் நீக்கித் துடைக்க வேண்டும், ஒரு துணியால் பூசி இன்னொரு துணியால் எடுத்து. சுத்தமானதா என்று பார்க்க, ப்ரைமருக்கு முன்னால் வீல் மேல் தண்ணீர் ஊற்றுங்கள். கண்ணாடித் தாள் விரித்தது போல ஒரே படலமாக நின்றால் சரி. எங்கேயாவது உடைந்து முத்து முத்தாக உருண்டால் அங்கே இன்னும் எண்ணெய் இருக்கிறது.

கடையில வாங்கற ஸ்ப்ரே கேன் போதுமா, கம்ப்ரசர் வேணுமா?

நிறத்துக்கு ஸ்ப்ரே கேன் போதும். லாக்கரில்தான் வித்தியாசம். சாதாரண கேன் லாக்கர் வெறுமனே காய்கிறது, பெட்ரோல் பட்டாலே மழுங்கும். ஹார்டனர் கலந்த டூகே லாக்கர் வேதிவினையால் இறுகும். பிரேக் தூசிக்கும் கிளீனருக்கும் தாங்கும். அடியில் ஒரு பொத்தானை அழுத்தி ஹார்டனரை உள்ளே கலக்கும் டூகே கேனும் கிடைக்கிறது.

ஆனால் அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை ஒவ்வாமை ஆகிவிட்டால் அப்புறம் துளி பட்டாலும் நெஞ்சு இறுகும். துணி முகமூடி இதற்கு ஒன்றுமே இல்லை. தொழிலாக அடிப்பவர்கள் வெளிக்காற்று தரும் முகமூடி போட்டுக்கொண்டுதான் அடிக்கிறார்கள். அது இல்லாவிட்டால் லாக்கரை மட்டும் பெயிண்ட் கடையில் கொடுத்து அடித்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

எதை அடித்தாலும் மெல்லிசாக மூன்று பூச்சு, நடுவே பத்துப் பதினைந்து நிமிட இடைவெளி. ஆரக்காலின் பக்கவாட்டை முதலில் அடித்துவிட்டு முகத்தைக் கடைசியில் அடியுங்கள். ஈரக்காற்று நாளில் லாக்கர் பால் மாதிரி வெளுக்கும், அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

உரசின இடத்துல மட்டும் தொட்டு அடிச்சா போதாதா?

கறுப்புக்கும் வெள்ளைக்கும் ஓரளவு முடியும். வெள்ளிக்கு முடியாது. அதில் இருக்கும் அலுமினியத் துகள்கள் அடிக்கும் தூரம், ஈரம், கோணம் பொறுத்து வேறு வேறு மாதிரிப் படுக்கும். அதே டப்பாப் பெயிண்ட்கூட நிழலில் ஒத்துப்போகும், வெயிலில் திட்டாகத் தெரியும். முகம் முழுக்க அடித்துவிடுங்கள்.

டைமண்ட் கட் வீல்ல லாக்கருக்கு அடியில வெள்ளைப் புழு மாதிரி கோடு ஓடுது. மேல லாக்கர் அடிச்சா நின்னுடுமா?

நிற்காது, உள்ளேயே ஓடும். லாக்கரில் ஒரு கல் பட்ட புள்ளி வழியாக ஈரமும் உப்பும் இறங்கி, படலத்துக்கு அடியில் இழை இழையாக அரித்துக்கொண்டு போகிறது. லேத்தில் சீவிய கூர்மையான விளிம்பில்தான் இது முதலில் கிளம்பும். அங்கே லாக்கர் இறுகும்போது விளிம்பை விட்டு நகர்ந்து மெல்லிசாகிவிடுகிறது. அடியில் ப்ரைமரும் இல்லை, நிறமும் இல்லை, அதனால் அதைத் தடுக்க ஒன்றும் இல்லை.

வழி இரண்டுதான். லாக்கரை முழுதாக உரித்து, கணினி லேத்தில் மறுபடி சீவி, புது லாக்கர் போடுவது ஒன்று. ஒவ்வொரு சீவலிலும் உலோகம் குறைகிறது. எத்தனை தடவை தாங்கும் என்பது வீலைப் பொறுத்தது. இரண்டு மூன்று தடவைக்கு மேல் நல்ல கடைக்காரர் தொடமாட்டார். இன்னொன்று, டைமண்ட் கட்டை மறந்துவிட்டு முழு வீலையும் ஒரே நிறமாக மாற்றுவது. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான். முதல் நாள் அழகு போகும், ஆனால் அடுத்தடுத்த மழைக்காலங்களில் நிம்மதியாக இருக்கலாம்.

பவுடர் கோட்டிங் சூட்டுல வீல் பலம் குறைஞ்சிடும்னு ஒருத்தர் பயமுறுத்தறார். நிஜமா?

பாதி நிஜம். வார்த்த வீலைச் சுமார் 540 டிகிரி செல்சியஸில் சூடாக்கி, சட்டென்று தண்ணீரில் ஆறவைத்து, பிறகு 150 முதல் 180 டிகிரிக்குள் சில மணி நேரம் வைக்கிறார்கள். அதில் வருவதுதான் அதன் பலம். பவுடர் இறுகவும் ஏறக்குறைய அதே சூடு தேவைப்படுகிறது: சுமார் 180 முதல் 200 டிகிரி, ஆனால் 10 முதல் 20 நிமிடம்தான். ஒழுங்காக ஒருமுறை செய்தால் பெரிய பாதிப்பு இல்லை. அடுப்பின் சூட்டை அளக்காமல் 250 வரை போவதும், அதே வீலைத் திரும்பத் திரும்பச் சுடுவதும், பழைய பூச்சைச் சூளையில் எரித்து எடுப்பதும்தான் பலத்தைத் தின்கின்றன. ஆகவே கடைக்காரரிடம் நிறம் கேட்பதற்கு முன், அடுப்பு எத்தனை டிகிரி என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் வேறு கடை.

இன்னும் இரண்டு விஷயம். பட்டி பார்த்த வீலைச் சொல்லாமல் கொடுக்காதீர்கள். சாதாரண பட்டி அடுப்புச் சூட்டில் உப்பிவிடும், பவுடரும் அதன் மேல் சரியாக ஒட்டாது. அப்புறம், டயர் அழுத்தம் காட்டும் சென்சார் வால்வோடு சேர்ந்து உள்ளே உட்கார்ந்திருக்கும். அதில் பேட்டரி இருக்கிறது. கழற்றி எடுத்துவிட்டீர்களா என்று ஒருமுறை பாருங்கள்.

நட் உட்கார்ற குழியையும் சேர்த்து அடிச்சா அழகா இருக்குமே, ஏன் வேண்டாங்கறீங்க?

அந்தக் குழியின் சரிவிலும், வீலின் பின்பக்கம் ஹப்பில் ஒட்டும் தட்டையான பரப்பிலும் தடித்த பூச்சு இருக்கக் கூடாது. நட்டை இறுக்கும்போது பெயிண்டும் சேர்ந்து இறுகும். ஓட ஓட அந்தப் படலம் நசுங்கி மெலியும், நட்டின் பிடி தளரும். என் இரண்டாவது வீலில் ஹப் பரப்பை மறைக்க மறந்துவிட்டேன். சில நாள் கழித்து ரெஞ்சு போட்டால் ஐந்து நட்டும் கால் சுற்று திரும்பின.

மாட்டும்போது டார்க் ரெஞ்சில் (இறுக்கும் விசையை அளக்கும் ரெஞ்சு), வண்டிக் கையேட்டில் சொன்ன அளவுக்கு, எதிரெதிர் நட்டாக நட்சத்திர வரிசையில் இறுக்குங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி சரிபாருங்கள்.

புதுசு பண்ணின பிறகு ஒரு வீல்ல மட்டும் காத்து இறங்குது. பஞ்சர் இல்லைன்னு சொல்லிட்டாங்க.

டயர் உட்காரும் இடத்தைப் பாருங்கள். பழைய அரிப்பின் வெள்ளைப் பொடியை முழுதாக எடுக்காமல் அதன் மேலேயே அடித்திருப்பார்கள். அல்லது அங்கே பெயிண்ட் வழிந்து கட்டியாக நிற்கும். சோப்புத் தண்ணீர் தடவினால் ரிம் ஓரத்தில் நுரை வரும். டயரை இறக்கி, அந்த வட்டத்தை வழவழப்பாகத் தேய்த்து, மெல்லிய ப்ரைமர் மட்டும் கொடுத்தால் போதும். வால்வு ரப்பரையும் அதோடு மாற்றிவிடுங்கள்.

விரிசலை வெல்டிங் வெச்சு மேல பெயிண்ட் அடிச்சா தெரியவா போகுது?

தெரியாது, அதுதான் கெட்டது. மேலே சொன்ன சூட்டுக் கணக்கை நினைத்துப் பாருங்கள். வெல்டிங்கில் உலோகம் உருகுகிறது. சுற்றியுள்ள பகுதி வார்ப்பாலையில் பெற்ற பலத்தை இழந்து மென்மையாகிறது. அடுத்த விரிசல் வெல்டிங் ஓரத்திலேயே வரும். ஆரக்காலிலோ நட் துளையைச் சுற்றியோ விரிசல் என்றால் பேச்சே இல்லை, வீலை எடைக்குப் போடுங்கள். உள்விளிம்பு விரிசலை ஒட்டித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். நான் என் வண்டியில் மாட்டமாட்டேன்.

லேசான வளைவு வேறு. அதை அழுத்தி நிமிர்த்தலாம், ஆனால் நிமிர்த்திய பிறகு சாயம் ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்புச் சாயம் தடவித் துடைத்து, மேலே வெள்ளைப் பொடி தூவினால், விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு எழும்பி வரும். இதைப் பெயிண்டுக்கு முன்னால்தான் செய்ய முடியும்.

அடிச்சு எத்தனை நாள் கழிச்சு கழுவலாம்?

தொட்டால் ஒட்டவில்லை என்பதால் காய்ந்துவிட்டதாக அர்த்தமில்லை. இரண்டு வாரத்துக்கு வெறும் தண்ணீர், அல்லது மெல்லிய சோப்பு. இரும்புத் துகள் திரவமும் முரட்டு பிரஷ்ஷும் அதற்கப்புறம். பேலன்சிங்குக்கு ஒட்டும் எடையையும் இறுகாத லாக்கர் மேல் ஒட்டாதீர்கள், எடுக்கும்போது பெயிண்டோடு வரும். இரண்டு மூன்று நாளாவது வீல் சும்மா இருக்கட்டும்.

பழைய வீல் செட் ஒண்ணு, பளபளன்னு புதுசா பெயிண்ட் அடிச்சு விக்கறாங்க. வாங்கலாமா அண்ணா?

இதுவரை படித்திருந்தால் அந்தப் பளபளப்பு என்னென்ன மறைக்கும் என்று உங்களுக்கே தெரியும். முகத்தைப் பார்க்காதீர்கள். திருப்பிப் போட்டு உள்விளிம்பு முழுக்க விரலை ஓட்டுங்கள். பட்டி இருந்தால் வளைவு ஒரே சீராக இருக்காது. முன்னே சொன்ன தின்னர் துணியைப் பின்பக்கம் போட்டுப் பாருங்கள். நட் குழியில் பெயிண்ட் இருந்தால் அடித்தவரின் கவனம் எப்படிப்பட்டது என்று புரிந்துவிடும். டயர்க் கடையில் பேலன்சிங் இயந்திரத்தில் சுற்றவிட்டு, விளிம்பு ஆடுகிறதா என்று பார்க்க விற்பவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

நானாக இருந்தால், உரசலும் அழுக்குமாகக் கிடக்கும் செட்டைத்தான் தேடுவேன். அதில் இருப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும்.